மத்தேய் தவறியது எந்த இடத்தில்? நுவார் துப்பறிவாளர்களின் வெறியும் சமரசமும்

நிழல்வாசகன் கேட்டது:

வணக்கம். சுவிஸ் எழுத்தாளர் ஃப்ரீட்ரிக் டூரென்மாட் 1958இல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'வாக்குறுதி' நாவலைச் சென்ற வாரம் இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். முடிவை மறைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க இயலாது. ஆகவே நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவது நல்லது.

சூரிச் மாநிலக் காவல்துறையின் மிகத் திறமையான ஆய்வாளரான மத்தேய், ஜோர்டானில் ஒரு புதிய பொறுப்பை ஏற்கப் புறப்படவிருக்கும் நேரத்தில், கிரிட்லி மோசர் என்ற சிறுமி காட்டில் கொலையுண்டு கிடக்கும் செய்தி வருகிறது. பெற்றோரிடம் அதைச் சொல்லும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டு செல்கிறார். கொன்றவனைக் கண்டுபிடிப்பதாக, தன் ஆன்மாவின் மீட்சியின் மேல் ஆணையிட்டு வாக்குத் தரும்படி தாய் கேட்கிறாள். அங்கிருந்து வெளியேறினால் போதும் என்ற நிலையில் அவரும் வாக்களித்துவிடுகிறார். உடலைக் கண்டு தகவல் சொன்ன ஃபான் குன்டென் என்ற ஊர்சுற்றி வியாபாரி, மணிக்கணக்கில் நீளும் விசாரணையின் முடிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அறைக்குள்ளேயே தூக்கிட்டுக்கொள்கிறான். துறை கோப்பை மூடிவிடுகிறது. விமான நிலையம் வரை சென்ற மத்தேய் மட்டும், அங்கே கூடியிருந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

அதன் பிறகு அவர் செய்வதுதான் என்னை உறங்கவிடவில்லை. கொலையாளி கிராபுண்டன் மாநிலத்திலிருந்து சூரிச் வரும் சாலையில்தான் வருவான் என்று கணித்து, அந்தச் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தை எடுத்து நடத்துகிறார். கொலையுண்ட சிறுமியின் சாயலில் இருக்கும் அன்னமாரி என்ற குழந்தையையும் அவள் தாயையும் தன்னோடு குடியமர்த்துகிறார். எதற்காகத் தாங்கள் அங்கே இருக்கிறோம் என்பது தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. மத்தேயின் கணிப்பு முற்றிலும் சரி. கொலையாளி அந்தக் குழந்தையைத் தேடி உண்மையாகவே வந்துகொண்டிருந்தான். ஆனால் வழியில் கார் விபத்தில் இறந்துபோனான். ஆண்டுகள் கழித்து இது வெளிப்படும்போது, அதைக் கேட்டுத் தெளியும் நிலையில் மத்தேய் இல்லை. குடித்துச் சீரழிந்து, அதே பெட்ரோல் நிலையத்தின் முன் இன்னும் காத்திருக்கிறார்.

என் கேள்வி இதுதான். அவர் தவறியது எந்தக் கணத்தில்? வாக்களித்தபோதா, விமானத்தில் ஏறாமல் திரும்பியபோதா, குழந்தையைக் கண்டு மனத்தில் கணக்குப் போட்டபோதா? பித்து அவரை அந்த இடத்துக்குத் தள்ளியதா, அல்லது தெளிந்த அறிவோடு செய்த ஒன்றுக்குப் பித்து என்று நாம் பிறகு பெயர் சூட்டுகிறோமா? கொலையாளி அன்று வந்து பிடிபட்டிருந்தால் அவரை நாம் கொண்டாடியிருப்போமோ என்ற ஐயமும் கூடவே எழுகிறது. நுவார் எனப்படும், குற்றத்தையும் மனித மனத்தின் இருளையும் பேசும் இந்த வகை நாவல்களில் ஊறியவர்கள் பிற படைப்புகளோடு ஒப்பிட்டுச் சொன்னால் மகிழ்வேன்.


பழந்தாள் எழுதியது:

உங்கள் கடைசி ஐயத்துக்கு விடை இருக்கிறது, அதுவும் டூரென்மாட்டின் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கதை முதலில் திரைக்கதையாகத்தான் உருவானது. அதே 1958இல் வெளிவந்த அந்தப் படத்தில் கொலையாளி சிக்கிவிடுகிறான், துப்பறிவாளர் வெற்றி பெறுகிறார், குழந்தை பிழைத்துக்கொள்கிறது. படம் பார்த்தவர்கள் அவரைக் கொண்டாடத்தான் செய்வார்கள். குழந்தையைப் பயன்படுத்தினாரே என்ற உறுத்தல் சிறிது இருந்தாலும், முடிவில் கிடைக்கும் நிம்மதி அதை மூடிவிடும். டூரென்மாட்டுக்கு அந்த நிம்மதி போதவில்லை. கதையை மறுபடியும் எடுத்து, கொலையாளியைச் சாலையிலேயே சாகடித்து, குற்றப் புனைவுக்கு ஓர் இரங்கற்பா என்று துணைத்தலைப்பும் இட்டு நாவலாக்கினார்.

இரண்டு வடிவங்களிலும் துப்பறிவாளர் செய்வது ஒன்றுதான். ஒரு குழந்தையைச் சாலையோரத்தில் இரையாக வைக்கிறார். மாறியது அவருடைய செயலன்று. ஒரு கார் சரியான நேரத்தில் வந்து சேர்ந்ததா இல்லையா என்பது மட்டுமே. அப்படியிருக்க, ஒன்றில் அவர் வீரராகவும் மற்றொன்றில் பித்தராகவும் தெரிவாரானால், நாம் எடைபோட்டது செயலை அல்ல, விளைவை என்றுதான் பொருள். நாவலாசிரியர் வாசகரைச் சிக்க வைக்கும் கண்ணி இது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பித்தைப் பற்றி. தூண்டில் என்ற எண்ணம் மத்தேய்க்கு எங்கே பிறக்கிறது என்று நினைவிருக்கிறதா? ஆற்றோரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் பையன்களோடு பேசும்போது. பெரிய மீன் வேண்டுமானால் இடமும் இரையும் சரியாக அமைய வேண்டும் என்று அவர்கள் சொல்வதை, பாடம் கேட்கும் மாணவனைப் போல நின்று கேட்கிறார். அதற்கு முன்பே ஒரு மனநல மருத்துவரைக் கண்டு, இத்தகைய கொலையாளியின் மனம் எப்படி இயங்கும் என்று ஆலோசித்திருக்கிறார். கிரிட்லி வரைந்து வைத்த படத்தில் கொம்புள்ள விலங்கு ஒன்று இருக்கிறது. அது கிராபுண்டன் மாநில வண்டிகளின் எண்பலகையில் உள்ள சின்னம் என்று கண்டுபிடிக்கிறார். இவற்றில் எதிலாவது நிதானம் இழந்த மனிதர் தெரிகிறாரா? அவர் வாழ்க்கையில் செய்த மிகத் துல்லியமான வேலையே அதுதான். பித்தன் என்ற சொல் அவருக்குப் பொருந்துவது எல்லாம் முடிந்த பின்புதான். அந்தத் தவற்றைச் செய்தபோது அவர் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்.

எனவே அவர் தவறிய கணம் எதுவென்று என்னைக் கேட்டால், பெட்ரோல் நிலையத்தில் குடியேற அந்தத் தாயைக் கேட்டபோது, காரணத்தைச் சொல்லாமல் கேட்ட அந்தக் கணம் என்பேன். சொல்லிக் கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள். மறுப்பாள் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.


கோப்புப்புழு எழுதியது:

பழந்தாள் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் மத்தேயை மட்டும் வைத்து இந்த வகைமையை அளக்கக் கூடாது. நுவார் நாவலின் தொடக்கக் காலத்தில் துப்பறிவாளரைக் கெடுத்தது பித்தைவிட அவருடைய தொழிலே என்று எனக்குத் தோன்றுகிறது.

டாஷியல் ஹாமெட் 1929இல் எழுதிய 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாமெட் தாமே பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால், இந்தத் தொழிலின் அன்றாட அழுக்கு அவருக்கு நேரடியாகத் தெரியும். கதையில் பெயரில்லாத துப்பறிவாளர் ஒருவர் பெர்சன்வில் என்ற சுரங்க ஊருக்கு வருகிறார். வரச்சொன்னவர் அவரைச் சந்திக்கும் முன்பே கொல்லப்படுகிறார். இறந்தவரின் தந்தை, ஊரைத் தன் கைக்குள் வைத்திருந்து பிறகு ரவுடிக் கும்பல்களிடம் இழந்துவிட்ட கிழவர், ஊரைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பணம் கொடுக்கிறார். கொலையின் காரணம் தெரிந்ததும், போதும் நிறுத்திக்கொள் என்கிறார். நம் ஆள் நிறுத்தவில்லை. காவல்துறைத் தலைவரே இடையில் அவரைக் கொல்ல முயன்றிருக்கிறார், அந்தக் கணக்கு பாக்கியிருக்கிறது. கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒருவர் காதில் ஒன்றும் இன்னொருவர் காதில் மற்றொன்றும் ஓதி, பிணங்களைக் குவிக்கிறார். சட்டப்படியான வழியும் இருந்தது என்று அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் இது எளிது, மனத்துக்கும் நிறைவாக இருக்கிறது என்கிறார். அந்த ஊரின் நஞ்சு தனக்குள் இறங்கிவிட்டதையும், கொலைகளைத் திட்டமிடுவதில் ஒரு சுவை ஏறிவிட்டதையும் அவர் உணர்ந்தே பேசுகிறார். அதன் பிறகு ஒரு காலையில் அபினிக் கரைசலின் மயக்கத்திலிருந்து விழிக்கும்போது, அவர் கையில் பனிக்கட்டி உடைக்கும் ஊசி. அது டைனா பிராண்ட் என்ற பெண்ணின் மார்பில் இறங்கியிருக்கிறது. கொன்றது தானா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை. நாவலின் இறுதிப் பகுதி வரை தெரியாமலேயே, தப்பித்துக்கொள்ளும் வேலையை மட்டும் தவறில்லாமல் செய்துகொண்டு போகிறார்.

ஆனால் எனக்கு அந்த ஊசியைவிட அதிகமாக உறைத்தது வேறொன்று. பணிக்காலம் முழுவதும் அறிக்கைகளை எழுதியும், பிறர் எழுதியவற்றைத் திருத்தியும் கழித்தவன் நான். ஆகையால் என் கண் அங்கேதான் போகும். இத்தனை சாவுகளுக்குப் பிறகு அவர் உட்கார்ந்து, சான் பிரான்சிஸ்கோவிலிருக்கும் தலைமைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகளை, நிறுவனத்தின் விதிகள் எவற்றையும் தாம் மீறாததுபோலத் தெரியும்படி பாடுபட்டு எழுதுகிறார். மேலாளர் நம்பவில்லை, கடுமையாகத் திட்டுகிறார், அவ்வளவுதான். வேலை போகவில்லை, வழக்கு வரவில்லை. ஓர் ஊரையே பிணக்காடாக்கியதற்கு விலை ஒரு திட்டு.

மத்தேய் தனியாக நின்றதால் அழிந்தார். இந்த மனிதருக்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருந்ததால் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். சமரசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மனத்துக்குள் நடக்கும் போராட்டமாக வருணிக்கப்படுகிறது. ஹாமெட்டிடம் அது தாளில், எழுத்து நடையில் நடக்கிறது. எந்த வினைச்சொல்லை விட்டுவிடுவது, எந்தப் பெயரை எழுவாயாக வைக்காமல் தப்புவது என்பதில் நடக்கிறது.


கண்ணாடிவிளக்கு எழுதியது:

மேலே எழுதிய இருவரும் துப்பறிவாளருக்கு என்ன ஆயிற்று என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வகைமையே வாசகரை அப்படித்தான் பழக்கியிருக்கிறது என்பதால் உங்களைக் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் இந்த நாவல்களைப் படிக்கும்போது கண் வேறொரு பக்கம் போகிறது: இந்தப் பித்து யாருடைய உடலின் மேல் கட்டப்படுகிறது?

வேரா காஸ்பரியின் 'லாரா' 1943இல் நூலாக வந்தது. கொலையுண்டதாக நம்பப்படும் பெண்ணின் வீட்டில், சுவரில் மாட்டியிருக்கும் அவளுடைய ஓவியத்தின் முன்னால் அமர்ந்து, அவள் கடிதங்களைப் படித்து, துப்பறிவாளர் மெல்ல மெல்ல அவள்மேல் காதல் கொள்கிறார். அந்த நேரத்தில் லாரா உயிரோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். எல்லோரும் வியக்கும் திருப்பம் இது. நான் வியப்பது அதற்கு அடுத்து நடப்பதைக் கண்டு: செத்தவள் லாரா இல்லையென்றால் வேறொருத்தி, டயான் ரெட்ஃபெர்ன் என்ற விளம்பர மாடல். முகம் சிதைந்து இறந்தவள் அவள். அவள் பெயர் தெரிந்த நொடியிலிருந்து அவளைப் பற்றி யாரும் உருகுவதில்லை. அவளுக்கு ஓவியம் இல்லை, கடிதங்கள் இல்லை, அவளுக்காகப் பித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. துப்பறிவாளரின் பற்று நீதியின் மேல் கொண்ட பற்றாக இருந்தால் அது டயானுக்கும் நீண்டிருக்க வேண்டும். காஸ்பரி இதை உரத்துச் சொல்லவில்லை. ஆனால் கதையைப் பலர் வாயிலாகச் சொல்லவைத்து, பின்பகுதியில் லாராவுக்கே பேசும் இடம் கொடுத்ததால், ஓவியத்துக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரம் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜேம்ஸ் எல்ராய் எழுதிய 'தி பிளாக் டாலியா' இதன் மறுகோடி. 1947 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 22 வயது எலிசபெத் ஷார்ட்டின் உடல் கண்டெடுக்கப்பட்டது. உண்மையில் நடந்த அந்தக் கொலை இன்றுவரை துலங்கவில்லை. எல்ராய்க்குப் பத்து வயதாயிருந்தபோது, 1958இல், அவருடைய தாயும் கொலையுண்டார். அந்தக் கொலையாளியும் அகப்படவில்லை. 1987இல் வந்த நாவலில், ஷார்ட்டைப் போலவே தோற்றமளிக்கும் மேடலின் என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்ணை பக்கி பிளைகெர்ட் என்ற காவலர் கண்டுபிடிக்கிறார். அவள் பெயர் வழக்கில் வராமல் மறைக்கிறார். அதற்கு ஈடாக அவளோடு படுக்கிறார். கவனியுங்கள், இறந்தவளுக்காக உருகும் அதே மனிதர்தான் அவளுடைய வழக்கின் சாட்சியத்தை மறைக்கிறார். பித்துதான் அவரை விசாரணையில் இறக்கியது; அதே பித்துதான் விசாரணையைக் கெடுக்கவும் செய்தது. இறந்தவளுக்கு நீதி வேண்டும் என்ற ஆசையும், இறந்தவள் தனக்கு வேண்டும் என்ற ஆசையும் ஒரே தொண்டையில் ஒரே குரலில் பேசினால், எது எதுவென்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்ராயின் துணிவு இதை மூடாமல் எழுதியதில் இருக்கிறது. எனக்குள்ள மனக்குறை என்னவென்றால், அவ்வளவு பக்கங்களுக்குப் பிறகும் எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண் ஆண்களின் வேதனைக்கு ஒரு திரையாகவே எஞ்சுகிறாள்.

டோரதி பி. ஹியூஸ் 1947இலேயே எழுதிய 'இன் எ லோன்லி பிளேஸ்' நாவலைப் படிக்காதவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே நாம் கொலைகாரனின் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். துப்பறிவாளர் அவனுடைய போர்க்கால நண்பர். வழக்கைப் பற்றி அவனோடேயே பேசிக்கொண்டிருக்கிறார். அவனை முதலில் சரியாகக் கணிப்பவர்கள் இரண்டு பெண்கள்: துப்பறிவாளரின் மனைவியும் அவன் விரும்பும் லாரெலும். பித்தின் வெப்பம் அவர்களிடம் இல்லை, கவனம் இருந்தது. கண்டுபிடிப்பதற்குப் பித்து தேவையே இல்லை என்று இதைவிடத் தெளிவாக எந்த நாவலும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.


பழந்தாள் எழுதியது:

டயான் ரெட்ஃபெர்ன் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்தபின் வெட்கமாக இருக்கிறது. மூன்று முறை படித்த நாவல், அந்தப் பெண்ணின் பெயரே எனக்கு நினைவில் இல்லை.

இருந்தாலும் ஒரு மறுப்பு. சமரசம் ஒவ்வொன்றும் இப்படிக் கறைபட்டதுதானா? ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' (1939) முடிவில் துப்பறிவாளர் மார்லோ ஓர் உண்மையை மறைக்கிறார். காணாமற்போன ரஸ்டி ரீகனைக் கொன்றது, நோயில் கிடக்கும் கிழட்டுத் தளபதியின் இளைய மகள். தளபதியோ ரீகனை மகனைப் போல நேசித்தவர். மகளை எங்காவது கொண்டுபோய்ச் சிகிச்சையில் வைக்கும்படி அக்காளிடம் கெடு விதித்துவிட்டு, மார்லோ காவல்துறையிடமும் சொல்லாமல், தளபதியிடமும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். நாளொன்றுக்கு 25 டாலர் கூலிக்கு வேலை செய்பவர், வாய்மூடுவதற்காக நீட்டப்பட்ட பெருந்தொகையைத் தொடவில்லை. புரைதீர்ந்த நன்மை பயக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கதே என்று வள்ளுவர் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். சாகக் கிடக்கும் ஒருவர் நிம்மதியாகச் சாகட்டும் என்பதைச் சமரசம் என்று இழிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


கண்ணாடிவிளக்கு எழுதியது:

அந்தக் குறளில் 'புரைதீர்ந்த' என்ற சொல் சும்மா வரவில்லை. குற்றமற்ற நன்மை என்று சாண்ட்லரே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அசிங்கத்தில் தானும் ஒரு பகுதியாகிவிட்டதாக மார்லோ தன் வாயால் சொல்லிக்கொள்வதோடுதான் அந்த முடிவு வருகிறது. அவருடைய மேன்மை பொய் சொன்னதில் இல்லை. பொய்யைப் பொய்யென்றே எண்ணிச் சுமந்ததில் இருக்கிறது. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் எண்ணெய்க்குழியில் கிடக்கும் ரீகனின் சார்பில் அந்த முடிவை யார் எடுத்தார்கள் என்று கேட்டால், அங்கேயும் விடை ஒன்றுதான்: கேட்க ஆளில்லாதவரின் பங்கை மற்றவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள்.


கோப்புப்புழு எழுதியது:

இதோடு ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1930) முடிவையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் அங்கே சமரசத்தை மறுப்பவரும் தூய்மையாக வெளிவருவதில்லை. தன் கூட்டாளியைக் கொன்றவள் தான் காதலிக்கும் பெண்ணே என்று தெரிந்ததும் துப்பறிவாளர் ஸ்பேட் அவளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கிறார். அதற்குக் காரணங்களைக் கணக்குப்பிள்ளையைப் போல வரிசையாக அடுக்குகிறார். கூட்டாளி கொலையுண்டால் ஏதாவது செய்தாக வேண்டும், விட்டுவிட்டால் தொழிலுக்குக் கேடு, நாளை அவளே தன்னையும் சுடலாம் என்று நீள்கிறது பட்டியல். அதே கூட்டாளியின் மனைவியோடு ஸ்பேட் தொடர்பு வைத்திருந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். மறுநாள் அலுவலகத்துக்கு வருகிறார். அவரை முழுமையாக நம்பிய செயலாளர் எஃபி, நீங்கள் செய்தது சரிதான் என்கிறாள். ஆனால் இப்போது என்னைத் தொடாதீர்கள் என்று விலகிக்கொள்கிறாள். உடனே வெளியே வந்து நிற்பது அந்தக் கூட்டாளியின் மனைவி. ஸ்பேடின் உடல் ஒருமுறை நடுங்குகிறது. அவளை உள்ளே அனுப்பச் சொல்கிறார்.

சரி, நிழல்வாசகன் கேட்டதற்குத் திரும்புகிறேன். மத்தேயின் கதையை நமக்குச் சொல்பவர் யார்? மத்தேய் அல்லர். அவருடைய மேலதிகாரியாக இருந்த காவல்துறைத் தலைவர் டாக்டர் எச்., ஒரு குற்றக்கதை எழுத்தாளரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது சொல்கிறார். அந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு. ஃபான் குன்டெனை மணிக்கணக்கில் கசக்கிப் பிழிந்து ஒப்புதல் வாங்கிய துறை அவருடையது. அந்த வியாபாரி குற்றமற்றவன். அங்கே யாருக்கும் பித்து இல்லை, வழக்கமான வேலைதான் நடந்தது, ஒருவன் செத்தான். பிறகு, குழந்தை காட்டில் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று மத்தேய் வந்து சொன்னபோது, காவலர்களைச் சுற்றிலும் மறைத்து நிறுத்தி, நாட்கணக்கில் அவளைத் தனியே உட்காரவிட்டு வேடிக்கை பார்த்தவர்களில் இவரும் ஒருவர். யாரும் வராமற்போனதும் பொறுமையிழந்து அந்தக் குழந்தையின் மேலேயே ஆத்திரத்தைக் காட்டியவர்களிலும் இவர் உண்டு.

இப்போது அவர் சொல்லும் கதையில் மத்தேய் மேதை, மத்தேய் பித்தர், மத்தேய் பாழாய்ப்போனவர். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு துறை முழுவதும் சேர்ந்து செய்த ஒன்றை ஒரு மனிதரின் பித்தாகச் சுருக்கிச் சொல்வது, நான் முன்பு குறிப்பிட்ட அறிக்கைகளின் நடையோடு மிகவும் ஒத்துப்போகிறது.


நிழல்வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று; அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

பழந்தாள் ஐயா, செயலையும் விளைவையும் பிரித்துக் காட்டியது எனக்கு மிகவும் உதவியது. காரணத்தைச் சொல்லாமல் கேட்ட அந்தக் கணம்தான் என்பதையும் ஏற்கிறேன். கண்ணாடிவிளக்கு அவர்கள் சொன்ன பிறகு, என் முதல் கேள்வியையே திரும்பப் படித்துப் பார்த்தேன். மத்தேய் எங்கே தவறினார், மத்தேயை மன்னிப்போமா என்று எல்லாம் அவரைச் சுற்றியே எழுதியிருக்கிறேன். அன்னமாரியை 'குழந்தை' என்று சொல்லிக் கடந்துவிட்டேன். நாவலில் அவள் வளர்ந்தும் வருகிறாள். முன்னுரையாக அமைந்த பகுதியில், டாக்டர் எச். அந்தப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தும்போது, பரிமாற வந்து நிற்கும் இளம்பெண் அவள்தான். முதல் வாசிப்பில் அவள் யாரென்று நமக்குத் தெரியாது. இரண்டாம் வாசிப்பிலும் நான் அவளைத் தாண்டி, வெளியே கல்பலகையில் அமர்ந்திருக்கும் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோப்புப்புழு அவர்களின் கடைசிப் பதிலைப் படித்துவிட்டு, நேற்றிரவு அந்தக் காட்டுக் காட்சிக்கு மட்டும் பென்சிலோடு திரும்பப் போனேன். டாக்டர் எச். எங்கெல்லாம் 'மத்தேய்' என்கிறார், எங்கெல்லாம் 'நாங்கள்' என்கிறார் என்று அடிக்கோடிட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் குழந்தையிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லும்போது அவர் 'நாங்கள்' என்றுதான் சொல்கிறார். ஆகவே அவருடையது முழுக்க அலுவலக அறிக்கை ஆகிவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபான் குன்டென் வரும் பக்கங்களையும் இதே முறையில் பார்க்க வேண்டும், இன்னும் பார்க்கவில்லை.